கழுத்து நாடியிற் கொழுப்புப் படிவு: அதனைப் படம் பிடித்து அறியும் முறைகள்

மனித உடலின் நிறையில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கே மூளை. ஆயினும் உடல் ஓய்ந்திருக்கும் வேளையில் நாம் பயன்படுத்தும் ஒட்சிசனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே செலவிடுகின்றது. மூளைக்குச் சேமிப்பென்று சொல்லத்தக்கது யாதும் இல்லை. குருதியோட்டம் சில செக்கன்கள் தடைப்படின் அறிவு மயங்கும். சில நிமிடங்கள் தடைப்படின் மூளைக் கலங்கள் மடியத் தொடங்கும். இத்துணை அருமை வாய்ந்த உறுப்புக்கு உணவூட்டும் பெருவழிகள் நான்கு. முள்ளந்தண்டையொட்டிப் பின்கழுத்தில் ஏறும் இரண்டு நாடிகள் சிறியன; முன்கழுத்தின் இருமருங்கும் ஏறும் இரண்டு நாடிகள் பெரியன. பின்னவையே ஈண்டு நாம் ஆராயப் புகும் கழுத்து நாடிகள். குரல்வளைக்குப் பக்கத்தே விரலை மெல்ல வைத்தால் அவற்றின் துடிப்பை எவரும் உணரலாம். அவற்றை அழுத்தினால் மயக்கம் உண்டாகும் என்பதைப் பண்டைக் கிரேக்கர் அறிந்திருந்தனர். மேலை வைத்திய நூல்கள் இந்நாடிக்கு வழங்கும் பெயரும் மயக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்ததே.

நம் நாட்டில் 'நாடி' என்ற சொல் நெடுங்காலமாகக் கைநாடி பார்த்து நோயறியும் பரிகாரிமாரின் வாயில் வழங்கி வந்தது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மிசன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலிருந்து மேலை வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தும் நூல்களைத் தமிழிற் பெயர்த்தும் தொண்டாற்றினார். அம்மரபின் வழிவந்த நாம், இன்றைய வைத்தியர் நாடியை விரலால் உணர்வதோடு அமையாது அதன் சுவரையே கண்ணாற் காணும் வகையைத் தமிழில் அறிந்துகொள்ளுதல் பொருத்தமேயாம்.

படிவு என்பது யாது?

பொதுக் கழுத்து நாடி குரல்வளையின் மேல் விளிம்பளவில் உட்கழுத்து நாடி, புறக்கழுத்து நாடி என இரண்டாகக் கிளைக்கின்றது. முன்னது மூளைக்கும் கண்ணுக்கும் செல்வது. பின்னது முகத்துக்கும் தலையின் வெளிப்புறத்துக்கும் செல்வது. உட்கழுத்து நாடி தொடங்கும் இடம் சற்றே புடைத்த குமிழ் போன்றது. ஆற்று நீர் நேராக ஓடும் இடத்தில் வண்டல் தங்குவதில்லை. அகன்று வளையும் இடத்தில் ஓட்டம் தளர்ந்து வண்டல் தங்குகின்றது. அவ்வாறே இக்குமிழின் வெளிச்சுவரை அடுத்துக் குருதியோட்டம் தளர்ந்து சுழல்கின்றது. உவமையை இவ்வளவோடு நிறுத்துதல் வேண்டும். ஏனெனில், கொழுப்பு வண்டல் போலச் சுவரின் மேலே வந்து தங்குவதன்று. ஓட்டம் தளர்ந்த இடத்திற் சுவரின் உள்ளணிக் கலங்கள் தம் காவலில் நெகிழ, அவற்றினூடே நுழைந்து சுவருக்குள்ளேயே தங்குவது.

இவ்வாறு நுழையும் கொழுப்பை விழுங்குதற்கு வெண்குருதிக் கலங்கள் பின்தொடர்ந்து செல்கின்றன. விழுங்கியவை கொழுப்பால் நிறைந்து நுரை போலப் பருத்து, பின் அங்கேயே மடிகின்றன. காலப்போக்கில் மடிந்த கலங்களும் கொலஸ்திரோலும் சேர்ந்த மென்மையான கூழ் ஒன்று சுவரின் நடுவே திரள்கின்றது. அதன்மேல் நாரிழையத்தாலான மூடி ஒன்று வளர்கின்றது. சில இடங்களிற் கல்சியம் படிந்து இறுகுகின்றது. 1904இல் செருமானிய நோயியல் அறிஞர் மார்ச்சண்ட் இந்நோய்க்குப் பெயரிட்டபோது, கூழ் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லையும் இறுகுதல் என்னும் பொருளுடைய சொல்லையும் இணைத்தார். படிவின் இரு தன்மைகளும் அப்பெயரில் அடங்கியுள்ளன. 1913இல் உருசிய அறிஞர் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்திரோலை ஊட்டி இத்தகைய படிவை உண்டாக்கிக் காட்டினார்.

இது நம் காலத்து நோய் மாத்திரமன்று. எகிப்து முதலிய நான்கு நிலப்பகுதிகளைச் சேர்ந்த 137 பதப்படுத்திய பண்டை உடல்களைக் கதிர்ப்படம் பிடித்து ஆராய்ந்தோர், அவற்றுள் 47 உடல்களில் நாடிப் படிவின் அடையாளங்களைக் கண்டதாக 2013இல் வெளியிட்டனர். எனினும் புகைத்தல், உயர் குருதியமுக்கம், நீரிழிவு, குருதியில் மிகுந்த கொழுப்பு ஆகியன அதனை விரைவுபடுத்துகின்றன என்பது ஐயத்துக்கிடமின்றித் தெளிந்த உண்மை.

ஆபத்து எங்குளது?

கழுத்து நாடி மெல்ல மெல்ல ஒடுங்குவதனால் மட்டும் பாரிசவாதம் உண்டாகின்றது என எண்ணுதல் தவறு. மூளையின் அடிப்புறத்தில் நான்கு நாடிகளும் ஒரு வளையமாய் இணைந்திருத்தலின், ஒரு வழி மெல்ல ஒடுங்கினும் மற்றையவை ஓரளவு ஈடுசெய்யும். பெரும்பாலும் கேடு விளைவது படிவின் மூடி கிழியும்போதுதான். உள்ளிருக்கும் கூழ் குருதியைத் தொட்டவுடன் அங்கே குருதி கட்டிபடுகின்றது. அக்கட்டியின் துணுக்கு ஓட்டத்தோடு சென்று மூளையின் சிறு நாடியொன்றை அடைக்கின்றது. கண்ணுக்குச் செல்லும் நாடியை அடைப்பின் ஒரு கண்ணில் திரை இறங்கியதுபோலப் பார்வை மறைந்து, சில நிமிடங்களில் மீளும். கை தளர்தல், வாய் கோணல், பேச்சுக் குழறல் ஆகியனவும் இவ்வாறே தோன்றி மறைதல் கூடும்.

மறைந்துவிட்டமையால் இதனைப் பொருட்படுத்தாது விடுவோர் பலர். அதுவே பெரும் பிழை. கனடிய நரம்பியல் வைத்தியர் மில்லர் பிஷர் 1951இல் வெளியிட்ட கட்டுரையில், கழுத்தில் நாடி கிளைக்கும் இடத்து நோய்க்கும் பாரிசவாதத்துக்கும் உள்ள தொடர்பை விளக்கினார். நிலையான கேட்டுக்கு முன் இத்தகைய கணநேர எச்சரிக்கைகள் வருவதையும் எடுத்துக்காட்டினார். 1954இல் இலண்டன் சென் மேரிஸ் வைத்தியசாலையில் ஈஸ்கொட், பிக்கரிங், ரொப் என்போர், அத்தகைய எச்சரிக்கைகள் பன்முறை வந்த ஒருவருக்கு நோயுற்ற நாடிப் பகுதியை அகற்றிக் குணங்கண்டனர். அன்று முதல் 'யாருடைய நாடியைத் திறப்பது, யாருடையதைத் தொடாது விடுவது' என்ற வினா எழுந்தது. அவ்வினாவுக்கு விடையளிக்கவே படங்கள் தேவைப்பட்டன.

நிழலைக் காட்டிய எக்ஸ் கதிர்

சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தில் நாடிகள் தோன்றா. 1927இல் லிஸ்பன் நகரில் எகாஸ் மொனிஸ் என்பார் கழுத்து நாடிக்குள் சோடியம் அயடைட்டுக் கரைசலைச் செலுத்திப் படம் பிடித்தார். அயடீன் கதிரைத் தடுக்குமாதலின், உயிருள்ள மனிதரின் மூளை நாடிகள் மரக்கிளைகள் போலப் படத்தில் தோன்றின. பல பத்தாண்டுகள் இம்முறையே உரைகல்லாக விளங்கியது.

ஆயினும் அதற்கு ஓர் அடிப்படைக் குறை உண்டு. அது காட்டுவது குருதி ஓடும் வெளியை, சுவரையன்று. 1987இல் கிளகோவ் என்பாரும் அவர்தம் துணைவரும் இதயத்தின் முடியுரு நாடிகளை ஆராய்ந்து, படிவு வளரும்போது நாடி முதலில் வெளிப்புறமாக விரிந்து இடங்கொடுக்கின்றது என்றும், படிவு ஏறக்குறைய 40 சதவீத இடத்தைப் பிடிக்கும்வரை உள்வெளி ஒடுங்குவதில்லை என்றும் காட்டினர். கழுத்து நாடியும் இவ்வாறு விரியவல்லது. ஆகவே ஒழுங்கான உள்வெளியைக் கண்டு 'நோயில்லை' என்று முடிவு செய்தல் ஏமாற்றமாகலாம்.

கழியொலி: எதிரொலியும் டொப்ளர் விளைவும்

கழுத்து நாடி தோலுக்குக் கீழே இரண்டு மூன்று சதமமீற்றர் ஆழத்தில் இருப்பதால், கழியொலியால் ஆராய்வதற்கு மிகவும் ஏற்றது. செவிக்கு எட்டாத மீடிறனுடைய ஒலியைத் தோலினூடே செலுத்தி, இழையங்களின் எல்லைகளில் தெறித்து மீளும் எதிரொலியைக் கணினி படமாக்குகின்றது. உடலிழையத்தில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 1,540 மீற்றர். மீடிறன் 10 மெகா ஏட்சு எனின் அலைநீளம் 0.154 மில்லிமீற்றர். ஆகவே அதைவிட மிகச் சிறிய வேறுபாடுகளை ஒரு படத்திற் பிரித்தறிதல் அரிது என்பதைப் பௌதிகம் பயிலும் மாணவர் எளிதில் உணர்வர்.

1986இல் இத்தாலிய அறிஞர் பிக்னோலியும் துணைவரும் நாடிச் சுவரின் உட்படை, நடுப்படை ஆகியவற்றின் மொத்தத் தடிப்பை இம்முறையால் அளக்கலாம் என நிறுவினர். நலமுள்ள நடுவயதினரில் அது ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. ஆண்டுதோறும் ஒரு மில்லிமீற்றரில் நூற்றிலொரு பங்களவே கூடுகின்றது. மேலே கண்ட அலைநீளத்தோடு ஒப்பிடின், ஒருவருக்கு ஆண்டுக்கொருமுறை இத்தடிப்பை அளந்து 'கூடிற்று, குறைந்தது' என்று கூறுதல் எத்துணைப் பயனற்றது என்பது விளங்கும். பல்லாயிரம் பேரின் சராசரியை ஆராய்வோர்க்கே அவ்வளவை உதவும். ஓரிடத்தில் மட்டும் சுவர் 1.5 மில்லிமீற்றருக்கு மேல் தடித்திருப்பினோ, உள்வெளிக்குள் அரை மில்லிமீற்றரேனும் புடைத்திருப்பினோ அதனைப் படிவு என்று கொள்வர்.

படிவின் தோற்றமும் பொருளுடையது. கொழுப்பும் குருதிக் கசிவும் மிகுந்த மென்படிவு எதிரொலியைக் குறைவாகத் தருமாதலின் படத்தில் இருண்டு தோன்றும். நாரிழையம் மிகுந்தது வெண்மையாய்த் தோன்றும். கல்சியம் மிகுந்தது பளிச்சிட்டுத் தன் பின்னே நிழல் வீழ்த்தும். இருண்ட படிவே பெரும்பாலும் கூடிய ஆபத்துடையது. அவ்விருளைக் குருதியின் இருளினின்று பிரித்தறிவதற்குப் பயின்ற கண் வேண்டும்.

குருதியின் வேகத்தை அறியத் துணைபுரிவது 1842இல் கிறித்தியன் டொப்ளர் பிராக் நகரில் வெளியிட்ட தத்துவம். அவர் விண்மீன்களின் ஒளியைக் கருதி உரைத்ததை, 1845இல் பைஸ் பலோட் என்பார் ஓடும் புகையிரதத்தில் எக்காளம் ஊதுவோரை ஏற்றி ஒலியில் மெய்ப்பித்தார். கழுத்திலே எக்காளம் ஊதுவோரின் இடத்தைச் செங்குருதிக் கலங்கள் பெறுகின்றன. 5 மெகா ஏட்சு ஒலியை ஓட்டத்துக்கு 60 பாகை சாய்வில் செலுத்துக. குருதி செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் ஓடுமாயின் மீடிறன் மாற்றம் யாது? மீடிறனை 2ஆற் பெருக்கி, குருதியின் வேகத்தாலும் கோணத்தின் கோசைனாகிய 0.5ஆலும் பெருக்கி, ஒலியின் வேகத்தால் வகுக்க, ஏறக்குறைய 3,250 ஏட்சு கிடைக்கும். இது செவிக்குக் கேட்கும் எல்லைக்குள் அமைவதால், பரிசோதிக்கும் அறையில் ஓட்டத்தின் ஓசையைக் காதாலும் கேட்கின்றோம்.

ஒடுங்கிய இடத்தில் வேகம் கூடும் என்பது ஓடையிற் கண்ட உண்மை. 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள நாடி 3 மில்லிமீற்றராக ஒடுங்கினால் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கிலொன்றாகும். பாயும் குருதியின் அளவு மாறாதாயின் வேகம் நான்கு மடங்காதல் வேண்டும். உயிருடலில் பாயும் அளவும் மாறுவதால் கணக்கு இத்துணைத் துல்லியமாக அமைவதில்லை. ஆகவே வைத்தியர் அனுபவத்தால் வகுத்த எல்லைகளைக் கொள்வர். உட்கழுத்து நாடியில் உச்ச வேகம் செக்கனுக்கு 125 சதமமீற்றருக்குக் குறைவாயின் ஒடுக்கம் 50 சதவீதத்துக்கு உட்பட்டது. 230 சதமமீற்றருக்கு மேற்படின் 70 சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்டது. ஒரு பொறியும் உண்டு. நாடி முற்றும் அடைபடும் தறுவாயில் ஓட்டம் நூலிழையாய் நலிந்து வேகம் மீண்டும் குறையும். எண்ணை மட்டும் நோக்குவோர் அதனை நலமென மயங்குவர்; படத்தையும் சேர்த்து நோக்குவோர் மயங்கார்.

சதவீதம் என்பதன் பொருள்

'70 சதவீத ஒடுக்கம்' என்ற சொற்றொடரை அறிக்கையிற் காண்போர், அது எதனோடு ஒப்பிட்ட அளவு என்று கேட்டல் வேண்டும். வட அமெரிக்க ஆய்வாளர், ஒடுங்கிய இடத்தின் விட்டத்தை அதற்கு அப்பாலுள்ள நலமான நாடியின் விட்டத்தோடு ஒப்பிட்டனர். ஐரோப்பிய ஆய்வாளர், அவ்விடத்திலேயே நோயில்லாதிருப்பின் இருந்திருக்கக்கூடிய விட்டத்தோடு ஒப்பிட்டனர். எஞ்சிய வெளி 3 மில்லிமீற்றர், அப்பாலுள்ள நாடி 6 மில்லிமீற்றர், குமிழின் இயல்பான விட்டம் 10 மில்லிமீற்றர் எனக் கொள்வோம். முதன்முறைப்படி ஒடுக்கம் 50 சதவீதம். இரண்டாம் முறைப்படி 70 சதவீதம். நாடி ஒன்றே, எண்கள் இரண்டு. விட்டத்தைக் கொள்ளாது பரப்பைக் கொண்டால் மூன்றாவது எண்ணும் பிறக்கும்: விட்டத்தில் 70 சதவீதக் குறைவு பரப்பில் 91 சதவீதக் குறைவாகும்.

இவ்வேறுபாடு ஏட்டளவினதன்று, ஒருவர் கத்தியைச் சந்திப்பதும் சந்தியாததும் இதனைப் பொறுத்துளது. 1991இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு, எச்சரிக்கைக் குறிகள் தோன்றியவரும் 70 முதல் 99 சதவீத ஒடுக்கம் உடையவருமான நோயாளரில், மருந்து மட்டும் பெற்றோருள் 26 சதவீதத்தினர்க்கு இரண்டாண்டுகளில் அதே பக்கத்துப் பாரிசவாதம் நேர்ந்தது என்றும், சத்திரசிகிச்சையும் பெற்றோரில் அது 9 சதவீதமே என்றும் காட்டியது. குறி தோன்றிய இரண்டு வாரங்களுக்குள் சிகிச்சை செய்வதே மிகுந்த பயன் தருவது என்பதும் பின்னர் தெளிவாயிற்று. ஆனால் குறி எதுவுமே இல்லாதவரின் கதை வேறு. 1995இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், 60 சதவீதமும் அதற்கு மேலும் ஒடுங்கிய அத்தகையோரின் ஐந்தாண்டு ஆபத்து மருந்தோடு 11 சதவீதமாகவும் சத்திரசிகிச்சையோடு 5.1 சதவீதமாகவும் இருந்தது. அஃதாவது நூறு பேரைக் கீறினால் ஐந்தாண்டில் ஏறத்தாழ ஆறு பேரே காக்கப்படுவர். அதன்பின் மருந்துகள் சிறந்தமையால், மருந்தோடு மட்டும் வாழ்வோரின் ஆபத்தும் முன்னையிலும் குறைந்துள்ளது.

படிவின் உட்பொருளைக் காண்டல்

ஒடுக்கத்தின் அளவு மட்டும் போதாது, படிவின் இயல்பும் அறியப்படல் வேண்டும் என்பது இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படும். அதற்குத் துணையாவன மூன்று கருவிகள்.

முதலாவது, ஹவுன்ஸ்பீல்ட் அமைத்து 1971இல் முதன்முதல் நோயாளி ஒருவரில் பயன்படுத்திய சீ.ரீ. கருவி. பல திசைகளினின்று எக்ஸ் கதிரைச் செலுத்திக் குறுக்குவெட்டுப் படத்தைக் கணினி வகுத்தளிக்கும். அவர் பெயரால் வழங்கும் அளவுத்திட்டத்தில் நீர் 0, வளி கழித்தல் 1,000. கொழுப்பு மிகுந்த படிவு தாழ்ந்த எண்ணையும், நாரிழையம் அதனிலும் கூடிய எண்ணையும், கல்சியம் மிக உயர்ந்த எண்ணையும் பெறும். விரைவும் தெளிவும் இதன் சிறப்பு. கதிர்வீச்சும், அயடீன் மருந்தாற் சிறுநீரகத்துக்கு நேரக்கூடிய தீங்கும், கல்சியம் உள்ளதிலும் பெரிதாய்த் தோன்றி உள்வெளியை மறைத்தலும் இதன் குறைகள்.

இரண்டாவது காந்தப் பரிவுப் படம், அஃதாவது எம்.ஆர்.ஐ. இங்கு எக்ஸ் கதிர் இல்லை. வலிய காந்தப் புலத்தில் ஐதரசன் கருக்கள் பம்பரம் போலத் தலைசுற்றும். 1.5 தெஸ்லா புலத்தில் அச்சுழற்சியின் மீடிறன் ஏறக்குறைய 64 மெகா ஏட்சு. அதே மீடிறனுடைய வானொலி அலையால் அவற்றைக் கிளர்த்தி, அவை மீளும்போது தரும் குறிகளைக் கொண்டு படம் அமைப்பர். நீரிலும் கொழுப்பிலும் கட்டிபட்ட குருதியிலும் இம்மீட்சி வெவ்வேறு வேகத்தில் நிகழ்வதால், ஒரே படிவைப் பல வகையிற் படம் பிடித்து ஒப்பிட்டுக் கொழுப்புக் கூழ் எது, மூடி எது, உட்கசிந்த குருதி எது எனப் பிரித்தறியலாம். கடோலினியம் சேர்ந்த மருந்தைச் செலுத்தினால் நாரிழைய மூடி ஒளிரும்; கூழ் ஒளிராது. மூடி மெலிந்ததா, கிழிந்ததா என்பது அதனால் விளங்கும். படிவுக்குள் குருதி கசிந்திருத்தல் பின்வரும் பாரிசவாதத்துக்கு வலிய முன்னறிகுறி எனப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

மூன்றாவது, உயிர்த்தொழிலையே காட்டும் பெற் கருவி. கதிர்வீசும் புளோரீன் இணைந்த குளுக்கோசை நாளத்தில் செலுத்தினால், அழற்சியால் கிளர்ந்த வெண்குருதிக் கலங்கள் அதனை மிகுதியாய் உட்கொள்ளும். அப்புளோரீனின் அரைவாழ்வு 110 நிமிடம். 2002இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர், குறி தோன்றிய பக்கத்துக் கழுத்து நாடிப் படிவு மறுபக்கத்ததினும் கூடுதலாய் இதனைக் கொள்வதைக் காட்டினர். செலவு மிக்கதாதலின் இது பெரும்பாலும் ஆராய்ச்சிக்கே உரியது.

யார் படம் பிடித்தல் வேண்டும்?

கருவி உண்டு என்பதற்காக அனைவரும் கழுத்தை நீட்டுதல் அறிவன்று. நோய்க்குறி எதுவும் இல்லாத பொதுமக்கள் அனைவரையும் கழுத்து நாடி ஒடுக்கத்துக்காகப் பரிசோதித்தல் ஆகாதென ஐக்கிய அமெரிக்காவின் தடுப்புச் சேவைகள் குழு 2014இலும் 2021இலும் விதந்துரைத்தது. காரணம் எளிது. அரிதான ஒன்றைப் பல்லாயிரம் பேரிடம் தேடினால் இல்லாததை உண்டென்று காட்டும் முடிவுகள் பெருகும்; அவற்றின் வழியே தேவையற்ற சத்திரசிகிச்சையும் வரும். எந்தப் பாரிசவாதத்தைத் தடுக்க எண்ணினோமோ, அதனையே அச்சிகிச்சை சிலர்க்கு உண்டாக்கிவிடலாம்.

ஆயின் கணநேரமேனும் ஒரு கண் மறைந்தவரும், கையோ பேச்சோ தளர்ந்து மீண்டவரும் நாளைக்கென்று ஒத்திவையாது அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். அவர்க்கே இப்படங்கள் உயிர்காக்கும் படங்களாகும்.

படத்துக்கு வேறொரு பயனும் உண்டு. சுவீடனின் வெஸ்தர்பொத்தன் மாகாணத்தில் 3,532 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2019இல் வெளியாயிற்று. அனைவர்க்கும் கழுத்து நாடி கழியொலியால் ஆராயப்பட்டது. ஒரு பாதியினர்க்கும் அவர்தம் வைத்தியர்க்கும் நாடியின் நிலை எளிய படமாக அனுப்பப்பட்டது, மறுபாதியினர்க்கு அனுப்பப்படவில்லை. ஓராண்டின் பின் படங் கண்டவரின் ஆபத்துக் கணிப்பு மற்றையோரதிலும் குறைந்திருந்தது. எண்ணாற் சொன்னதை மறப்பவனும் கண்ணாற் கண்டதை எளிதில் மறப்பதில்லை போலும்.

எனினும் படம் நோயை அறிவிக்குமேயன்றித் தீர்க்காது. புகையை விடுதல், குருதியமுக்கத்தையும் நீரிழிவையும் அடக்குதல், வைத்தியர் விதித்தவிடத்துக் கொழுப்பைக் குறைக்கும் மருந்தை இடையறாது உட்கொள்ளுதல், நாள்தோறும் நடத்தல் ஆகியனவே படிவை அடக்கும் வழிகள். இவற்றைத் தொடங்குதற்கு எந்தப் படத்தையும் எதிர்பார்த்திருக்க வேண்டுவதில்லை. பள்ளியிற் கற்கும் எதிரொலியும் கோசைனும் காந்தப் புலமும் ஒரு மனிதனின் கழுத்தில் ஒன்றுகூடி அவன் பேச்சையும் பார்வையையும் காக்கின்றன என்பதை இன்றைய மாணவர் உளங்கொள்வாராக. முதுமையை நோக்கி நடக்கும் பழைய மாணவராகிய நாமோ, உடல் தரும் சிறு எச்சரிக்கையையும் அசட்டை செய்யாதிருப்போமாக.